வீட்டுல வடிக்கிற செட் கட்டப் போறீங்களா? பொருள பாத்து எடுங்க

பன்னீரோ தைலமோ டிஸ்டில்டு வாட்டரோ, கொதிக்க வச்சு ஆவிய குளிர வச்சு எது வடிச்சாலும், பானை 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இல்லன்னா செம்பு, அவ்ளோதான். ஜிஐ (துத்தநாகம் பூசுன இரும்பு) பக்கெட் வேணாம், சூடும் புளிப்பும் பட்டா துத்தநாகம் கரையும். பழைய கார் ரேடியேட்டர கண்டென்சரா (ஆவிய குளிர வச்சு திரவமாக்குற பாகமா) மாட்டுற ஐடியா இருந்தா இப்பவே விட்டுடுங்க, பழசுல ஈயம் வச்சுதான் பத்தவச்சிருப்பாங்க, கூலன்ட் மிச்சமும் உள்ள ஒட்டிட்டிருக்கும், எத்தன வாட்டி கழுவுனாலும் நம்ப முடியாது. செம்புக் குழாய ஜாயின்ட் பண்ண ஈயம் கலக்காத சால்டரா (பத்தவைக்கிற கம்பி) வாங்குங்க. பிளாஸ்டிக் ஹோஸ ஆவி போற பக்கம் மாட்டவே மாட்டாதீங்க, நான் ஒருவாட்டி அவசரத்துக்கு பச்ச ஹோஸ் சொருகி வடிச்சதுல பன்னீர் பூரா டயர் கட வாசன! ஜாயின்ட்டுக்கு டெஃப்லான் டேப், மூடி ஓரத்துக்கு மாவுப் பசை போதும். ஆவி வெளிய போற வழில வால்வு வைக்காதீங்க, அடைச்சா வெடிக்கும். செட்டு உள்ள சுத்தமாக, மொத தடவ வினிகர் தண்ணி வடிச்சு கீழ ஊத்திடுங்க.