ஒரு மைதானம், நான்கு பந்து: ஆஸ்திரேலியாவின் கால்பந்துப் போட்டாபோட்டியைச் சாட்ஸ்வர்த் பிள்ளைகளுக்கு விளையாடிக் காட்டுவது எப்படி

மெல்போர்னில் இருக்கும் சித்தி "ஃபுட்டி பார்க்கப் போகிறோம்" என்றால் அது ஒரு விளையாட்டு. சிட்னியில் இருக்கும் மாமா அதே சொல்லைச் சொன்னால் அது வேறு விளையாட்டு. டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் ஆஸ்திரேலியாவில் உறவு உள்ள வீடுகள் நிறைய. பிள்ளைகள் இதைக் கேட்டுக் குழம்பும்போது விதிப் புத்தகத்தை நீட்டிப் பயனில்லை. ஒரு சனிக்கிழமை மைதானத்துக்கு அழைத்துப்போய் அங்குள்ள நான்கு கால்பந்து ஆட்டங்களையும் ஆட வையுங்கள். தமிழ்ப் பள்ளியோ கோயில் கமிட்டியின் இளைஞர் பிரிவோ, 40 பிள்ளைகளையும் ஆறு பெரியவர்களையும் திரட்டினால் இது நடந்துவிடும். 11 முதல் 14 வயது வரை உள்ளவர்களை மனத்தில் வைத்து அளவுகளைச் சொல்கிறோம்.

முதலில் அமைப்பாளர்களுக்குத் தெளிவாக வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நான்கு விளையாட்டுகளில் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் மட்டும் முட்டை வடிவ மைதானத்தில் ஆடுவது. ரக்பி லீக், ரக்பி யூனியன், சாக்கர் மூன்றும் செவ்வகத்தில் ஆடுபவை. முட்டைக்குள் செவ்வகம் அடங்கும், செவ்வகத்துக்குள் முட்டை அடங்காது. மைதானத்துக்கும் ரசிகருக்கும் இந்த நான்கும் அங்கே போடும் சண்டையில் பாதியை இது விளக்கிவிடும். அதனால்தான் இந்த நாளின் முதல் வேலையே கயிறு பிடித்துக் கோடு போடுவது. அதைப் பெரியவர்கள் முன்கூட்டியே முடித்துவிடாமல் பிள்ளைகளையே செய்ய விடுங்கள்.

முட்டையும் செவ்வகமும்

ஜூன், ஜூலை மாதங்களே சரி. டர்பனில் அப்போது மழை குறைவு, கிரிக்கெட்டும் இருக்காது. ஆஸ்திரேலியன் ரூல்ஸ் பிறந்ததும் இப்படித்தான். கிரிக்கெட் வீரர்கள் குளிர்காலத்தில் உடல் தளராமல் இருக்க ஒரு விளையாட்டு வேண்டும் என்று 1858இல் டாம் வில்ஸ் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 1859இல் மெல்போர்ன் கிளப் விதிகளை எழுதி வைத்தது. கிரிக்கெட் மைதானங்கள் கைக்கு எட்டியதாக இருந்தன, ஆட்டமும் அவற்றிலேயே தங்கிவிட்டது.

100 மீட்டர் நீளம், 80 மீட்டர் அகலம் கொண்ட முட்டை போதும். பெரியவர்களின் ஆட்டத்தில் நீளம் 135 முதல் 185 மீட்டர் வரையும் அகலம் 110 முதல் 155 மீட்டர் வரையும் இருக்கலாம். அதாவது அங்கே மைதானத்துக்கு ஒரே அளவு என்று கிடையாது. இதைக் கேட்டால் சாக்கர் ஆடும் பிள்ளைகள் வியப்பார்கள், சொல்லிவையுங்கள்.

நடுப்புள்ளியில் ஒரு முளை அடியுங்கள். நீளவாக்கில் அதிலிருந்து இருபுறமும் 30 மீட்டர் தள்ளி இரண்டு முளைகள். 100 மீட்டர் கயிற்றின் இரு முனைகளையும் அந்த இரண்டு முளைகளிலும் கட்டுங்கள். முடிச்சுக்குத் தேவையான கயிறு இந்த 100இல் சேராது, தனியாக விட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் கயிற்றைத் தளராமல் இழுத்துப் பிடித்தபடி சுற்றி நடக்க, பின்னால் வருபவர் ஏழு தப்படிக்கு ஒரு கோன் வைத்துக்கொண்டே போகட்டும். சுற்றளவு சுமார் 284 மீட்டர், 40 கோன் செலவாகும். சரிபார்ப்பது எளிது. நீளவாக்கில் முளைக்கு வெளியே 20 மீட்டரிலும், அகலவாக்கில் நடுப்புள்ளியிலிருந்து 40 மீட்டரிலும் கோடு விழுந்திருக்க வேண்டும். விழவில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் நைலான் கயிற்றின் மேல்தான். அது 2 மீட்டர் நீண்டாலே முட்டை நீளத்தில் 2 மீட்டரும் அகலத்தில் இரண்டரை மீட்டரும் வீங்கிவிடும். நீளாத பாலியஸ்டர் கயிறு வாங்குங்கள்.

அடுத்து அதே நடுப்புள்ளியை வைத்து 70க்கு 50 மீட்டரில் ஒரு செவ்வகம், வேறு நிறக் கோன்களில். மூலை செங்கோணமாக இருக்க ஒரு பக்கம் 30, மறு பக்கம் 40 அளந்து, குறுக்கே 50 வருகிறதா என்று பாருங்கள். இரு முனைகளிலும் இன்னும் 4 மீட்டர் நீட்டினால் ரக்பிக்கான இன்-கோல், அதாவது பந்தை ஊன்றிப் புள்ளி எடுக்கும் பகுதி, கிடைக்கும். அந்த நான்கு மூலைகளும் முட்டைக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் வந்து நிற்கும்.

இங்கே ஆட்டத்தைத் தொடங்காமல் பிள்ளைகளை முட்டைக் கோட்டைச் சுற்றி நிற்க வையுங்கள். பக்கக் கோட்டின் நடுவில் நிற்பவருக்கும் செவ்வகத்துக்கும் இடையே 15 மீட்டர் வெற்றிடம் கிடக்கும். முழு அளவு மைதானத்தில் இது இரண்டு மடங்கையும் தாண்டக்கூடும். லீக், சாக்கர் ரசிகர்கள் முட்டை மைதானத்தில் உட்கார்ந்தால் ஆட்டம் எட்டத்தில் நடப்பதாகக் குறைப்படுவது இதனால்தான். சிட்னியின் மூர் பார்க்கில் கிரிக்கெட் மைதானமான முட்டையும் கால்பந்துக்கான செவ்வகமும் அடுத்தடுத்து நிற்கின்றன. மெல்போர்ன் 2010இல் தனியாக ஒரு செவ்வக அரங்கம் கட்டியது. 2000 ஒலிம்பிக்ஸுக்குக் கட்டிய சிட்னி அரங்கத்தில் இருக்கைகளையே நகர்த்தி இரண்டுக்கும் பொருந்த வைத்தார்கள். 2022 சாக்கர் உலகக் கோப்பையை நடத்த ஆஸ்திரேலியா கேட்டபோது, ஆட்டப் பருவத்தின் நடுவில் தங்கள் பெரிய மைதானங்களை வாரக்கணக்கில் விட்டுக்கொடுக்க, ஆஸ்திரேலியன் ரூல்ஸை நடத்தும் ஏ.எஃப்.எல். தயங்கியது. வாக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கு. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் மைதானத் தகராறு ஊரறிய நடந்தது.

ஒரு எச்சரிக்கை. பல பள்ளி மைதானங்களின் நடுவில் கான்கிரீட் கிரிக்கெட் பிட்ச் இருக்கும். மேலே பாய் விரித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். விழுந்தால் எலும்பு முறியும். பிட்ச் முட்டைக்கு வெளியே விழும்படி நகர்த்த இடமில்லை என்றால் வேறு மைதானம் பாருங்கள். கோடு போடச் சுண்ணாம்பும் வேண்டாம். அது கண்ணையும் தோலையும் அரிக்கும், சாக்பீஸ் தூள் போதும்.

சாமான்கள்

சாக்கர் பந்து 4ஆம் அளவில் இரண்டு, 13 வயதுக்கு மேலானவர்களுக்கு 5ஆம் அளவில் ஒன்று. ரக்பிப் பந்து 4ஆம் அளவில் மூன்று, லீக்குக்கும் யூனியனுக்கும் சேர்த்து. ஆஸ்திரேலியன் ரூல்ஸ் பந்து டர்பன் கடைகளில் எளிதில் கிடைக்காது. அங்கிருந்து வரும் உறவினரிடம் ஷெரின் பந்து இரண்டு கேளுங்கள். காற்றை இறக்கினால் பெட்டியில் இடம் அடைக்காது. அது கிடைக்காவிட்டால் ரக்பிப் பந்திலேயே ஆடலாம். பெரியவர்கள் ஆடும் ரக்பிப் பந்தின் இடுப்புச் சுற்றளவு 58 முதல் 62 செ.மீ., ஆஸ்திரேலியன் பந்துடையது சுமார் 55. ரக்பிப் பந்து கொஞ்சம் பருமன் என்பதால் சிறு கைகளுக்குள் சரியாக நிற்காது, அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியன் ரூல்ஸுக்கு ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள், மொத்தம் எட்டு. கம்பத்துக்குக் கம்பம் 6.4 மீட்டர். நடுவில் உள்ள இரண்டும் உயரமாகவும் ஓரத்தில் உள்ளவை குட்டையாகவும் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு 3 மீட்டரும் ஒன்றரை மீட்டரும் போதும். இரும்புக் கம்பியை அரை மீட்டர் ஆழத்துக்கு அடித்து அதன்மேல் பி.வி.சி. குழாயைச் செருகி, தலை உயரம் வரை ஃபோம் சுற்றுங்கள். சாக்கருக்கு நகர்த்தும் கோல் வைத்தால் பின்சட்டத்தில் மணல் மூட்டை கட்டாமல் ஒரு பிள்ளையையும் அருகே விடக் கூடாது. கவிழ்ந்த கோல் கம்பத்தால் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள்.

ஆடும் வரிசை

நான்கு அணிகள், அணிக்குப் பத்துப் பேர். ஒன்பது பேர் ஆட, ஒருவர் மாற்றாள். ஓர் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பத்து நிமிடம் விளக்கம், 20 நிமிட ஆட்டம் இரண்டு, பத்து நிமிடம் மாற்றத்துக்கு. ஆடாத இரண்டு அணிகள் புள்ளி எழுதட்டும், கொடி பிடிக்கட்டும். காலை 9 மணிக்குத் தொடங்கினால் பன்னி சௌ சாப்பிடும் இடைவேளையோடு சேர்த்து இரண்டு மணிக்குள் முடியும். ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டுகிறது, தாமதிக்காதீர்கள்.

சாக்கர் முதலில் வரட்டும். காலைப் பனியில் புல் ஈரமாக இருக்கும்போது கையால் பிடிக்கும் பந்துகள் வழுக்கும், காலால் உதைக்கும் பந்துக்குப் பாதகமில்லை. இதற்கு விளக்கமும் தேவையில்லை. டர்பனின் கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் தாத்தாமார் பார்த்த ஆட்டம் இது. 1996-97இல் நாட்டின் சாக்கர் லீகை வென்ற மேனிங் ரேஞ்சர்ஸ் நம் மக்கள் வளர்த்த டர்பன் அணி.

அடுத்தது ரக்பி லீக். முழு ஆட்டத்தில் அணிக்கு 13 பேர். பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பிள்ளைகளுக்கு இழுத்து வீழ்த்துவதற்குப் பதில் தொடுதல் போதும். தொட்டதும் நடுவர் உரக்க எண்ணட்டும். எண்ணிக்கை தவறினால் ஆட்டமே சிதறிவிடும், எண்ணுவதற்கென்றே ஒருவரை வையுங்கள். எதிரணியின் இன்-கோலில் பந்தை ஊன்றினால் அது ட்ரை, அதற்கு 4 புள்ளி.

யூனியனில் அணிக்கு 15 பேர், ட்ரைக்கு 5 புள்ளி. தென்னாப்பிரிக்காவில் ரக்பி என்றால் இதுதான் என்பதால் லீக்கை யூனியனின் குறைந்த வடிவம் என்று பிள்ளைகள் நினைக்கக்கூடும். வேறுபாட்டை ஆட்டத்திலேயே காட்டுங்கள். தொடப்பட்டவர் பந்தைத் தரையில் வைத்ததும் இரு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் ஓடிவந்து முதலில் பந்தைத் தாண்டிக் கால் வைப்பவருக்கே பந்து. லீக்கில் ஆறு வாய்ப்பு உறுதி, யூனியனில் ஒவ்வொரு முறையும் பந்துக்காகப் போராட வேண்டும். இரு அணியும் தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம், பயிற்சி பெற்றவர் இல்லாமல் வேண்டவே வேண்டாம். இந்த இரண்டும் 1895இல் வட இங்கிலாந்தில் பிரிந்தன. வேலை நேரத்தை இழந்து ஆட வரும் தொழிலாளிக்குக் கூலி கொடுக்கலாமா என்பதே தகராறு. சிட்னியில் லீக் 1908இல் தொடங்கியது. யூனியன் வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்க 1995 வரை ஆயிற்று.

கடைசியில், புல் உலர்ந்தபின், முட்டை முழுவதையும் திறந்துவிட்டு ஆஸ்திரேலியன் ரூல்ஸ். இதற்கு நேரம் தாராளமாகக் கொடுங்கள். இங்குள்ள பிள்ளைகள் பார்த்தே இராத ஆட்டம் இது. முழு ஆட்டத்தில் அணிக்கு 18 பேர். ஆஃப்சைடு கிடையாது. பந்தை எறியக் கூடாது. ஒரு கையில் வைத்து மறு கையின் மூடிய முட்டியால் குத்தி அனுப்ப வேண்டும். ரக்பி ஆடிவிட்டு வரும் கைகள் தாமாக எறியும், விசில் ஊதி ஊதி அலுத்துவிடும். ஆறு பேர் வட்டமாக நின்று பத்து நிமிடம் முட்டியால் குத்திப் பழகினால் இது பாதி குறையும். உதைப்பதற்குப் பந்தை நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தின் மேல் விடுங்கள். கீழ்முனையில் உதை பட்டால் பின்னோக்கிச் சுழன்று நேராகப் போகும். பந்தோடு ஓடுபவர் 15 மீட்டருக்கு ஒரு முறை அதைத் தரையில் தட்டியோ தொட்டோ எடுக்க வேண்டும். தட்டினால் பந்து எங்காவது துள்ளும், ஆகவே தொடுவதையே சொல்லிக்கொடுங்கள். உதைத்த பந்து 15 மீட்டராவது பறந்து, இடையில் யார் கையும் படாமல் பிடிபட்டால் அது மார்க். பிடித்தவர் தடையின்றி உதைக்கலாம். பிள்ளைகளுக்கு இந்த 15ஐப் பத்தாக்குங்கள்.

நிச்சயம் வரும் சிக்கல், ஒன்பது பேரும் பந்தின் பின்னால் தேனீக் கூட்டமாக ஓடுவது. மைதானத்தை மூன்று பகுதியாகப் பிரித்துப் பகுதிக்கு மூன்று பேர் என்று கட்டிப்போடுங்கள். புள்ளி எழுதுவதிலும் குழப்பம் வரும். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி, நடுவர் இரண்டு கொடி காட்டுவார். ஓர இடைவெளியில் போனால் பிஹைண்ட், 1 புள்ளி, ஒரு கொடி. பலகையில் 12.8 (80) என்றிருந்தால் 12 கோல், 8 பிஹைண்ட், மொத்தம் 80 என்று பொருள். பன்னிரண்டையும் எட்டையும் கூட்டி இருபது என்பவர்கள் எப்போதும் இருப்பார்கள்.

வரைபடமும் நான்கு டின்களும்

ஆஸ்திரேலியாவின் கோட்டுருவத்தைத் தரையில் வரையுங்கள். வட கரையிலிருந்து பேர்ட்ஸ்வில், ப்ரோக்கன் ஹில், கான்பெரா வழியாகத் தென்கிழக்குக் கரை வரை ஒரு கோடு இழுங்கள். இதைப் பராசி கோடு என்பார்கள். ரான் பராசி என்ற ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஆட்டக்காரரின் பெயரால் வரலாற்றாசிரியர் இயன் டர்னர் 1978இல் சூட்டியது. கோட்டுக்கு மேற்கிலும் தெற்கிலும் பெர்த், அடிலெய்ட், மெல்போர்ன், ஹோபர்ட். அங்கே ஃபுட்டி என்றால் ஆஸ்திரேலியன் ரூல்ஸ். கிழக்கிலும் வடக்கிலும் சிட்னி, பிரிஸ்பேன். அங்கே லீக். சாக்கர் இரு பக்கமும் ஆடப்படுகிறது. அதன் தலைமை அமைப்பு 2005இல் தன் பெயரில் 'ஃபுட்பால்' என்று போட்டுக்கொண்டது.

இப்போது கோட்டைத் தாண்டியவர்களைக் கூழாங்கல்லால் குறியுங்கள். 1982இல் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஆடும் சவுத் மெல்போர்ன் அணி சிட்னிக்குப் போனது. 1998இல் லீக் தன் பங்குக்கு மெல்போர்னில் ஸ்டார்ம் அணியைக் களமிறக்கியது. 2011இல் கோல்ட் கோஸ்டிலும் 2012இல் மேற்கு சிட்னியிலும் ஏ.எஃப்.எல். புது அணிகளை இறக்கி, லீக் வீரர்களான கார்மைக்கேல் ஹண்ட்டையும் இஸ்ரேல் ஃபொலாவையும் விலைக்கு எடுத்தது. இருவருமே பிறகு யூனியனுக்குப் போய்விட்டார்கள்.

பிறகு நான்கு டின், பிள்ளைக்கு ஒரு கல். இனி வாராவாரம் எந்த ஆட்டத்துக்கு வருவாய் என்று கேட்டுப் போடச் சொல்லுங்கள். அங்கே நான்கு அமைப்புகளும் பள்ளிப் பள்ளியாகப் போய்த் தேடுவது இந்தக் கல்லைத்தான். தயங்கிய கையோடு சாக்கர் டின்னைத் தாண்டி வேறொன்றில் போடும் பிள்ளையை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்குள்ள ஆட்டங்களைப் பார்க்க ஆசை வந்தவர்களுக்கு நேரக் கணக்கைச் சொல்லி அனுப்புங்கள். நம் குளிர்காலத்தில் மெல்போர்னும் சிட்னியும் டர்பனைவிட 8 மணி நேரம் முன்னே, பெர்த் 6 மணி நேரம் முன்னே. மெல்போர்னில் பிற்பகல் 2 மணி ஆட்டம் இங்கே காலை 6 மணி. அக்டோபர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைத் திருப்புவதால் மெல்போர்ன், சிட்னி வித்தியாசம் 9 ஆகும். பெர்த் திருப்புவதில்லை.

கிளம்பும் முன் முளைகளையும் இரும்புக் கம்பிகளையும் எண்ணுங்கள். முளை மூன்று, கம்பி எட்டு. கம்பி இருந்த குழிகளில் மணலைக் கொட்டிக் காலால் மிதித்து இறுக்குங்கள். மறுநாள் காலை அதே புல்லில் வேறு பிள்ளைகள் ஓடுவார்கள்.