4 எம்பி ரவுட்டரில் எதை வைப்பது: ஷேர்டு லைப்ரரியா, ஸ்டாடிக் பைனரியா?

டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் வகைப் பழைய ரவுட்டர்கள் பலவற்றில் ஃபிளாஷ் (நிரந்தரச் சேமிப்பு) 4 எம்பிதான், ரேம் 32 எம்பி. லினக்ஸ் கர்னல், வைஃபை டிரைவர், நீங்கள் மாற்றும் அமைப்புகள் எல்லாம் அந்த 4 எம்பிக்குள் அடங்க வேண்டும். அதில் நீங்கள் எழுதிய நிரலையும் ஏற்ற நினைத்தால் ஒரு கேள்வி வரும். தேவையான லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல்துண்டுகளின் தொகுப்பை, நிரலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டுவதா (ஸ்டாடிக்), தனிக் கோப்பாக வெளியே விட்டு எல்லா நிரல்களும் பகிர்ந்துகொள்ளச் செய்வதா (ஷேர்டு)? ஸ்டாடிக் என்றாலே பெரிது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். அளந்து பார்ப்போம்.

கையில் உபுண்டு அல்லது டெபியன் கணினி இருந்தால் போதும். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

படி 1. ஒரு வரி அச்சிடும் சி நிரலை 'ஹலோ.சி' என்று சேமித்து, 'ஜிசிசி ஹலோ.சி -ஓ ஹலோ' கொடுங்கள். 'எல்எஸ் -எல்' போட்டால் அளவு 16 கேபி அளவில் இருக்கும். 'எல்டிடி ./ஹலோ' கொடுத்தால் அது எந்தெந்த லைப்ரரிகளை நம்பி நிற்கிறது என்று தெரியும். (யாரோ கொடுத்த பைனரியில், அதாவது கட்டி முடித்த நிரல்கோப்பில், எல்டிடியை ஓட்டாதீர்கள். சில சமயம் அந்த நிரலே இயங்கிவிடக்கூடும். அதற்கு 'ரீட்எல்ஃப் -டி' பாதுகாப்பானது.)

படி 2. அதே கட்டளையில் '-ஸ்டாடிக்' சேருங்கள். ஒரு வரி அச்சிடும் நிரல் முக்கால் எம்பியைத் தாண்டிவிடும். ஆனால் பழி ஸ்டாடிக் முறைமீது மட்டும் இல்லை. உபுண்டுவின் சி லைப்ரரியான ஜிலிப்சியில் ஒரு பகுதியைத் தொட்டால் மொழி அமைப்பு, எழுத்துக்குறி மாற்றம் என்று பலவும் கூடவே வந்துவிடும்.

படி 3. 'மஸ்ல்-டூல்ஸ்' தொகுப்பை நிறுவி, ஜிசிசிக்குப் பதில் 'மஸ்ல்-ஜிசிசி' கொண்டு ஸ்டாடிக்காகக் கட்டுங்கள். பிறகு 'ஸ்ட்ரிப் ஹலோ' கொடுத்து, இயங்கத் தேவையில்லாத குறிப்புகளை நீக்குங்கள். இப்போது சில பத்து கேபிதான். சிறிதாகவும் எளிமையாகவும் இருக்கும்படி எழுதப்பட்ட சி லைப்ரரி மஸ்ல். ரவுட்டர்களுக்கான லினக்ஸ் இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி 2015-இல் இதற்கு மாறியது.

படி 4. இனிதான் கணக்கு. ஸ்டாடிக்காகக் கட்டும்போது, துண்டுகளை இணைக்கும் லிங்கர் லைப்ரரியிலிருந்து தேவையான துண்டுகளை மட்டும் எடுக்கும். ஷேர்டு லைப்ரரியையோ முழுதாக வைத்தாக வேண்டும், யாருக்கு எந்தத் துண்டு வேண்டும் என்று முன்கூட்டித் தெரியாதே. லைப்ரரி 600 கேபி, ஒரு நிரல் இழுப்பது 60 கேபி என்று வைத்துக்கொண்டால், பத்து நிரல்வரை ஸ்டாடிக் தோற்காது. பதினொன்றாவதில் ஷேர்டு ஜெயிக்கும். இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் குறியாக்க லைப்ரரி போன்றவற்றில் ஒவ்வொரு நிரலும் பெரும்பகுதியை இழுப்பதால், இரண்டு மூன்று நிரல்களிலேயே தராசு சாய்ந்துவிடும்.

ஆகவே முடிவை நிரலுக்கு ஒன்றாக எடுக்காதீர்கள், லைப்ரரிக்கு ஒன்றாக எடுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடும் ரவுட்டரில் மஸ்ல் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கான இடம் செலவாகிவிட்டது. அதை ஷேர்டாகவே பயன்படுத்துங்கள். உங்கள் நிரலைத் தவிர யாரும் தொடாத லைப்ரரி என்றால், '.ஏ' என்று முடியும் அதன் கோப்பைக் கட்டும் கட்டளையிலேயே கொடுத்து உள்ளே சேர்த்துவிடுங்கள். இரண்டையும் ஒரே பைனரியில் கலக்கலாம். தொடங்குபவர்களிடம் இதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

ரேமிலும் இதே போக்குதான்: ஷேர்டு லைப்ரரியின் குறிமுறை ஒருமுறை ஏறினால் எல்லா நிரல்களுக்கும் அதுவே பயன்படும்.

படி 5. பல சிறு கருவிகள் உங்களுடையவையே என்றால் மூன்றாவது வழி உண்டு: எல்லாவற்றையும் ஒரே பைனரியாகக் கட்டி, எந்தப் பெயரில் அழைக்கப்பட்டது என்று பார்த்து வேலையை மாற்றுவது. டெபியன் நிறுவியை ஒற்றை ஃபிளாப்பியில் அடக்க புரூஸ் பெரன்ஸ் 1990-களின் நடுவில் தொடங்கிய பிஸிபாக்ஸ் இப்படித்தான் இயங்குகிறது. ரவுட்டரில் 'எல்எஸ் -எல் /பின்' கொடுத்தால் பெரும்பாலானவை அந்த ஒரே கோப்பைச் சுட்டும் இணைப்புகள் என்பது தெரியும்.

படி 6. மடிக்கணினியில் கட்டிய பைனரி ரவுட்டரில் ஓடாது, பிராசசர் வேறு. உங்கள் ரவுட்டருக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி எஸ்டிகேயில் (நிரல் கட்டும் கருவித்தொகுப்பு) உள்ள கம்பைலரால் மறுபடி கட்டுங்கள்.

ஷேர்டு லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை வந்தால் ஒரு கோப்பை மாற்றினால் போதும் என்பது பெரிய நன்மை. ஆனால் ரவுட்டரில் ஒரு பொறி உண்டு. அடிப்படைக் கோப்புகள் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்னும் மாற்ற முடியாத பகுதியில் இருக்கின்றன. லைப்ரரியைப் புதுப்பித்தால் புதியது எழுதக்கூடிய மேலடுக்கில் உட்காரும், பழையது கீழே அப்படியே இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். நீக்கினாலும் இடம் திரும்பாது. 4 எம்பி கருவியில் தொகுப்புகளைத் தனித்தனியாகப் புதுப்பிக்காமல், ஓப்பன்டபிள்யூஆர்டியின் இமேஜ் பில்டரில் வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததன் பெயருக்கு முன் கழித்தல் குறி போட்டு, முழு ஃபர்ம்வேரையும் (ரவுட்டரின் மொத்த மென்பொருள்) புதிதாகக் கட்டி ஏற்றுங்கள்.