தள்ளுபடியில் முதல் .22 ரைஃபிள் வாங்குவது எப்படி?

ஆடித் தள்ளுபடியில் புடவை எடுத்தவர்களுக்கு இந்த வித்தை தெரிந்திருக்கும். விலையை முதலில் ஏற்றி, அதைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சிவப்பு மையில் குறைத்து எழுதுவார்கள். அமெரிக்காவில் நவம்பர் கடைசியில் துப்பாக்கிக் கடைகளிலும் இதே கதைதான். மாதம் ஒரு சனிக்கிழமை ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சிக் களத்துக்குப் போய்க் காகிதத்தில் ஓட்டை போட்டுவிட்டு வரும் ஆள் நான். இங்கே இருக்கும் தமிழ் நண்பர்கள் சிலர், "இந்த விலை சரியா?" என்று படம் எடுத்து அனுப்பிக் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். பொழுதுபோக்குக்குச் சுடுவது பற்றி மட்டும்தான். தற்காப்பு வேறு கணக்கு.

படி 1: நீங்கள் வாங்கலாமா?

விலைக்கு முன்னால் இதைப் பாருங்கள். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் ரைஃபிள் வாங்க 18 வயது, கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். மாநிலச் சட்டம் இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம்.

"சிட்டிசன் ஃபிரெண்டு ஒருத்தன் இருக்கான், அவன் பேரில் வாங்கி நான் காசு கொடுத்துடறேன்" என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். கடையில் நிரப்பும் 4473 என்ற படிவம், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று கேட்கிறது. அதில் பொய் சொன்னால் சிறை வரைக்கும் போகும்.

படி 2: தோட்டாவின் விலையிலிருந்து தொடங்குங்கள்

புதியவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். துப்பாக்கியை ஒருமுறை வாங்குகிறோம், தோட்டாவை ஆயுள் முழுக்க வாங்குகிறோம். யானையைவிடத் தீனிக்குத்தான் செலவு.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். மாதம் ஒருமுறை போய் 200 தோட்டா சுட்டால் வருடத்துக்கு 2,400. .22 எல்ஆர் என்ற சின்ன ரகத் தோட்டா ஒன்று 8 சென்ட் என்று வையுங்கள்; வருடச் செலவு 192 டாலர். அதைவிட வலுவான .223 ரக ரைஃபிளுக்குத் தோட்டா ஒன்று 50 சென்ட் என்றால் அதே கணக்கு 1,200 டாலர். மாதத்துக்கு 84 டாலர் வித்தியாசம். ஆக, "150 டாலர் தள்ளுபடி" என்று ஒரு .223 ரைஃபிளைக் காட்டி ஆசை மூட்டினால், அந்த லாபம் முழுதும் இரண்டு மாதத்துக்குள் புகையாகப் போய்விடும்.

அதனால்தான் முதல் துப்பாக்கிக்கு .22 எல்ஆரைச் சொல்கிறேன். 1887 முதல் இருக்கும் தோட்டா; உதைப்பு கிட்டத்தட்ட இல்லை, சத்தமும் குறைவு. ஒரு குறையும் உண்டு: சந்தையில் பீதி கிளம்பினால் கடைகளில் தேடினாலும் கிடைக்காது. 2013-இலும் 2020-இலும் அப்படித்தான் ஆனது. ஆகவே துப்பாக்கிக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை எடுத்துத் தோட்டாவுக்கு வையுங்கள்.

படி 3: எதைச் சுடப் போகிறீர்கள்?

25 கஜத்தில் காகிதமா, இரும்புத் தகடா, அணில் வேட்டையா? பெரும்பாலானோருக்குப் பதில் காகிதம்தான். அதற்கு ருகர் 10/22 போதும். 1964 முதல் வரும் அரைத் தானியங்கி ரைஃபிள்; விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா, அடுத்தது தானே ஏறும். பத்துத் தோட்டா பிடிக்கும் சுழல் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி). உதிரி பாகம் கிடைக்காத ஊரே இல்லை. நிதானமாக, ஒவ்வொன்றாகக் குறிவைத்துச் சுடப் பிடிக்கும் என்றால் சாவேஜ் மார்க் 2, சிஇசட் 457 போன்ற, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ரைஃபிள்களைப் பாருங்கள். சிஇசட் விலை கூடுதல்தான், ஆனால் கையில் எடுத்துப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

தள்ளுபடியில் அடிக்கடி வரும் இரண்டு வகைகளிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். ஒன்று, சட்டைப் பைக்குள் அடங்கும் குட்டிக் கைத்துப்பாக்கி. பார்க்க அழகாக இருக்கும். ஐம்பது தோட்டா சுட்டால் உள்ளங்கை எரியும், பிறகு பெட்டகத்திலேயே தூங்கும். இன்னொன்று, பூவேலை செதுக்கிய சிறப்புப் பதிப்பு. அதில் கீறல் விழுந்தால் மனசு வலிக்கும், ஆகவே சுடவே மாட்டீர்கள். சேகரிப்பவர்களுக்கு அது சரி.

முடிந்தால் வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சில் ஒருநாள் சுட்டுப் பாருங்கள். நான் கேட்ட எல்லா அறிவுரைகளையும்விட அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு அதிகம் உதவியது.

படி 4: கோடு போட்ட விலையை மறந்துவிடுங்கள்

தயாரிப்பாளர் அறிவிக்கும் பட்டியல் விலைக்குப் பெரும்பாலும் யாரும் விற்பதில்லை. எனவே அதிலிருந்து எத்தனை சதவீதம் குறைவு என்பதற்கு அர்த்தமே இல்லை. அதே மாடலைச் சாதாரண நாளில் நான்கைந்து கடைகள் என்ன விலைக்கு விற்கின்றன என்று பாருங்கள்; அதுதான் ஒப்பிட வேண்டிய விலை. மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை சரிபாருங்கள். ஒரே பெயரில் மரக்கட்டை, பிளாஸ்டிக், துருப்பிடிக்காத எஃகு என்று பல வகை இருக்கும், விலையும் வேறுவேறு.

பழைய துப்பாக்கி என்றால் கன்புரோக்கர் போன்ற ஏலத் தளத்தில் முடிந்த ஏலங்களை மட்டும் பாருங்கள். கேட்கும் விலையை யார் வேண்டுமானாலும் எழுதலாம். கைமாறிய விலைதான் கணக்கு.

படி 5: வீட்டுக்கு வந்து சேரும் விலை

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, ஆன்லைனில் துப்பாக்கி வாங்கினால் அது நினைவுக்கு வரும். கடையிலிருந்து நேராக உங்கள் வாசலுக்கு அனுப்ப மாட்டார்கள். உங்கள் ஊரில் உரிமம் பெற்ற ஒரு கடைக்கு வரும். அங்கே படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு அந்தக் கடை கைமாற்றுக் கட்டணம் என்று தனியாக வாங்கும்.

ஆன்லைனில் 249 டாலர் என்று வையுங்கள். அனுப்பும் செலவு 20, கைமாற்றுக் கட்டணம் 35, எட்டு சதவீத வரி 20. மொத்தம் 324. பக்கத்துக் கடையில் அதே ரைஃபிள் 279, வரியோடு 301. முப்பது டாலர் கூடுதலாகத் தெரிந்ததுதான் 23 டாலர் மலிவு. கடையில் எடுத்துப் பிடித்துப் பார்க்கவும் முடிகிறது.

காதுக்கவசம், கண்ணாடி, சுத்தம் செய்யும் குச்சி, பூட்டும் பெட்டி ஆகியவற்றையும் இதில் கூட்டுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால், பெட்டி வாங்கக் காசில்லாத மாதம் துப்பாக்கியும் வாங்காதீர்கள்.

படி 6: "காம்போ"வைப் பிரித்து விலை போடுங்கள்

என் சொந்த அனுபவம். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்திய ரைஃபிள், 60 டாலர்தான் கூடுதல் என்று ஒரு கடையில் சொன்னார்கள். வாங்கினேன். மூன்றாவது முறை ரேஞ்சுக்குப் போனபோது குண்டுகள் நாலாபக்கமும் போய் விழுந்தன. என் கைதான் சரியில்லை என்று பாதி நாள் நொந்துகொண்டேன். கடைசியில் பார்த்தால் ஸ்கோப்பின் பிடி ஆடிக்கொண்டிருந்தது. வேறொரு ஸ்கோப் வாங்கி மாட்டியதும் என் கை குணமாகிவிட்டது!

ஆகவே, இந்த ஸ்கோப்பைத் தனியாக விற்றால் வாங்குவேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் அதன் மதிப்பு பூஜ்யம். .22-க்கு 50 கஜத்துக்கு அமைத்த ஸ்கோப்தான் பொருத்தம். பெரிய ரைஃபிள்களுக்கானவை பெரும்பாலும் 100 கஜத்துக்கு அமைந்தவை. மாறாக, கூடுதல் மேகசின் இலவசம் என்றால் அது உண்மையான லாபம்.

படி 7: பழையது என்றால்

கடைக்காரரைக் கேட்டு, காலியாக இருப்பதை நீங்களே உறுதி செய்துகொண்டு பாருங்கள். குழலுக்குள் வெளிச்சம் விட்டால் துருப் புள்ளிகள் தெரியும். குழல் முனையில் அடிபட்டிருக்கிறதா, கட்டையில் விரிசல் உண்டா, திருகுத் தலைகள் சிதைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். திருகு சிதைந்திருந்தால் யாரோ தெரியாத்தனமாகக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். தயாரிப்பு நின்றுபோன மாடல் என்றால் மேகசின் கிடைக்கிறதா, என்ன விலை என்று அங்கேயே போனில் தேடிவிடுங்கள். புதியதன் விலையில் பத்து சதவீதம்தான் குறைவு என்றால் நான் புதியதையே எடுப்பேன்.

படி 8: வாங்கிய பிறகு

துப்பாக்கியில் உள்ள வரிசை எண்ணும் படிவத்தில் எழுதிய எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பாருங்கள். .22 ரைஃபிள்களுக்குத் தோட்டாவில் நாக்கு நீளம். ஒன்றுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. 500 தோட்டா பெட்டி சலுகையில் இருக்கிறதே என்று உடனே பாயாமல், மூன்று நான்கு பிராண்டில் சின்னப் பெட்டிகளாக வாங்குங்கள். 25 கஜத்தில் ஒவ்வொன்றிலும் பத்து சுட்டு, எது நெருக்கமாக விழுகிறது, எது சிக்குகிறது என்று காகிதத்தின் ஓரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஈயம் ஒட்டியிருக்கும். பெரிய பெட்டியை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.