உளவியல் சோதனையின் ஏற்புடைமையை எப்படிச் சரிபார்ப்பது?

"இந்தச் சோதனை ஏற்புடையதா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "இந்த மதிப்பெண்ணை வைத்து, இவர்களைப் பற்றி, இப்படி ஒரு முடிவுக்கு வரலாமா?" என்று கேட்க வேண்டும். ஏற்புடைமை என்பது படிவத்தில் அச்சிட்டு வரும் முத்திரை அல்ல. மதிப்பெண்ணுக்கு நாம் தரும் பொருளுக்குத்தான் அது உண்டு, அல்லது இல்லை. மாணவர்களின் தேர்வுப் பதற்றத்தை அளக்கும் ஒரு வினாப்படிவத்தை வைத்துப் பார்ப்போம்.

படி 1: எதை அளக்கிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "தேர்வை நினைத்தாலே எழும் கவலையும் உடல் படபடப்பும்" என்பது போல. எது இதில் சேராது என்பதையும் எழுதிவிடுங்கள், பின்னால் உதவும்.

படி 2: ஒவ்வொரு கூற்றையும் துறை வல்லுநர்களிடம் காட்டி, "இது அவசியமா?" என்று கேளுங்கள். உளவியலாளர் லாஷே 1975-இல் தந்த கணக்கு எளிது: அவசியம் என்றவர்களின் எண்ணிக்கையிலிருந்து மொத்தத்தில் பாதியைக் கழித்து, அதே பாதியால் வகுக்க வேண்டும். 10 பேரில் 8 பேர் ஒப்புக்கொண்டால் 0.6 வரும். 10 பேருக்கு அவர் கேட்ட குறைந்தபட்சம் 0.62. ஆக, 8 பேர் போதாது!

படி 3: சில மாணவர்களைப் பதில் யோசிக்கும்போதே வாய்விட்டுப் பேசச் சொல்லுங்கள். பலர் தாண்டிப்போகும் படி இது; எனக்கு இதுதான் அதிகம் கற்றுத்தருவதாகத் தோன்றுகிறது. "தேர்வுக்கு முந்தைய இரவு நான் தூங்குவதில்லை" என்ற கூற்றுக்கு ஒருவர் ஆம் என்கிறார். காரணம் கேட்டால், விடிய விடியப் படிப்பாராம். பதற்றமே இல்லை, ஆனால் மதிப்பெண் ஏறிவிட்டது.

படி 4: நம்பகத்தன்மையை, அதாவது மறுபடி அளந்தாலும் மதிப்பெண் எவ்வளவு மாறாமல் வருகிறது என்பதைப் பாருங்கள். அதன் வர்க்கமூலம்தான், வேறெந்த அளவோடும் கிடைக்கக்கூடிய ஒட்டுறவின் (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும் எண்) உச்சவரம்பு. நம்பகத்தன்மை 0.49 என்றால் 0.7-க்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

படி 5: மற்ற அளவுகளோடு ஒப்பிடுங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். வேறொரு தேர்வுப் பதற்றப் படிவத்தோடு உயர்ந்த ஒட்டுறவு வந்ததும் பலர் திருப்தியடைந்து நின்றுவிடுகிறார்கள். மனச்சோர்வுப் படிவத்தோடும் அதே அளவு ஒட்டுறவு வந்தால்? அப்போது நீங்கள் அளந்தது பொதுவான மனவருத்தமாக இருக்கலாம். படி 1-இல் "சேராது" என்று எழுதியதை இப்போது எடுத்துப் பாருங்கள். இன்னொரு சிக்கல், எல்லாமே மாணவரே நிரப்பும் படிவங்கள் என்றால் அந்த முறை ஒன்றாக இருப்பதாலேயே எண்கள் நெருங்கிவரும். அதனால்தான் உளவியலாளர்கள் கேம்ப்பெல்லும் ஃபிஸ்க்கும் 1959-இல், பல பண்புகளைப் பல முறைகளில் அளந்து ஒரே அட்டவணையில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஆசிரியரின் கணிப்பு, நாடித்துடிப்பு என வேறு வகை அளவு ஒன்றையாவது சேருங்கள்.

தேர்வு மதிப்பெண்ணோடு ஒப்பிடும்போது முதலிடக்காரர்களை மட்டும் எடுக்காதீர்கள். மதிப்பெண்களின் வீச்சு சுருங்கினால் ஒட்டுறவும் பெரும்பாலும் சுருங்கும்.

படி 6: பயன்பாடு மாறினால் சான்றையும் புதிதாகத் திரட்டுங்கள். ஆலோசனை தேவைப்படுவோரைக் கண்டறிய இந்தப் படிவம் உதவலாம். அதையே சேர்க்கைக்கு வடிகட்டியாக வைத்தால், யார் பதற்றத்தை ஒப்புக்கொள்வார்? வேறு மொழிக்கு மாற்றிய படிவம் என்றால் படி 2-இலிருந்தே மறுபடி தொடங்க வேண்டியதுதான்.