கரியமில வாயு தீயணைப்பானை எடைபோட்டுப் பாருங்கள்

மின்பலகை அருகே மாட்டியிருக்கும் கரியமில வாயு (சிஓ2) தீயணைப்பானை மாதம் ஒருமுறை தராசில் வைத்து, உருளையில் பொறித்துள்ள முழு எடையோடு ஒப்பிடுங்கள், 4.5 கிலோ வாயு கொண்ட உருளையில் 450 கிராமுக்கு மேல், அதாவது பத்தில் ஒரு பங்குக்கு மேல், குறைந்திருந்தால் உடனே நிரப்பக் கொடுத்துவிடுங்கள். உருளைக்குள் அழுத்தத்தால் திரவமாகியிருக்கும் வாயு சிறிதளவு திரவமாக எஞ்சியிருக்கும்வரை அழுத்தம் பெரிதும் குறையாது என்பதால், இவ்வகையில் அழுத்தமானி வைப்பதில்லை. கசிவை எடைதான் காட்டிக்கொடுக்கும். பொறித்த எடை குழலும் கொம்பும் (வாயு வெளியேறும் அகன்ற முனை) சேர்ந்ததா, கழற்றியதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், பலர் தவறுவது இங்கேதான்.

அழுத்தமானி உள்ள ஏபிசி பவுடர் (பலவகைத் தீயை அணைக்கும் உலர்பொடி) வகைக்கு முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். எடை சரியாக இருந்தாலும், உருளைக்குக் குறித்த காலத்தில் செய்யவேண்டிய நீரழுத்தச் சோதனையை (நீர் நிரப்பி அழுத்தி உருளையின் வலுவைப் பார்ப்பது) தவிர்க்க முடியாது.