பார்த்த படத்தைப் பற்றி பத்து வரி எழுதுவது எப்படி?

"படம் எப்படி?" என்று கேட்டால் சூப்பர், மொக்கை, ஒரு தடவை பார்க்கலாம், இதில் ஏதாவது ஒன்றுதான் பெரும்பாலும் பதிலாக வரும். கேட்டவருக்கு இதனால் ஒன்றும் தெரியாது. சொன்னவருக்கும் ஆறு மாசம் கழித்து அந்தப் படத்தில் என்ன பிடித்தது என்று ஞாபகம் இருக்காது. இந்த வார்த்தைகள் ஒன்றைக்கூடத் தொடாமல் பத்து வரி எழுதிப் பழகிவிட்டால், படம் பார்க்கிற விதமே மாறிவிடும். நான் மதுரையில் மருந்து மொத்தக் கடை ஒன்றில் பில் போடுகிறவள். சினிமா எனக்குத் தொழில் இல்லை, ஆனால் உயிர். பார்க்கிற ஒவ்வொரு படத்துக்கும் பழைய கணக்கு நோட்டு ஒன்றில் எழுதி வைக்கிறேன். எழுதி எழுதித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் நேரம். தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் போனைத் திறக்காதீர்கள். வண்டி எடுக்கிற இடத்திலேயே நாலு பேர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பார்கள், வீட்டுக்கு வந்தால் யூடியூபில் நாற்பது பேர். அந்தப் பேச்சு காதில் விழுந்துவிட்டால் உங்கள் கருத்து எது, அவர்களுடையது எது என்று பிரிக்க முடியாது. அன்றைக்கே, தூங்குவதற்கு முன்னால் எழுதிவிடுங்கள். தியேட்டருக்குள் உட்கார்ந்து போனில் குறிப்பு எடுக்க வேண்டாம்; பின்னால் இருப்பவர் கண்ணில் வெளிச்சம் அடிக்கும், உங்களுக்கும் நாலு ஷாட் போய்விடும்.

சரி, என்ன எழுதுவது? கருத்தை எழுதாதீர்கள். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் எழுதுங்கள். முதல் நாலு வரி அதற்கு மட்டும்தான். கருத்து அதிலிருந்து தானாக எழுந்து வரும்.

'கொட்டுக்காளி'யை எடுத்துக்கொள்கிறேன். 'கூழாங்கல்' படத்துக்காக 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய பி.எஸ்.வினோத்ராஜின் இரண்டாவது படம். வந்தபோது எனக்குத் தெரிந்த பாதிப் பேர் "ஸ்லோ" என்றார்கள், மீதிப் பேர் "உலகத் தரம்" என்றார்கள். இரண்டுமே எனக்குப் பயன்படவில்லை. என் நோட்டில் முதலில் இருப்பது இதுதான்:

"பின்னணி இசை கிடையாது. ஆட்டோ இன்ஜின், பைக், சேவல், காத்து. பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கு, கழுத்தில் சுண்ணாம்பு. கத்துகிறான், குரல் எழும்பவில்லை. மீனா வாயே திறப்பதில்லை. அவள் பேசாமல் இருப்பதைப் பார்த்துத்தான் அத்தனை பேரும் பதறுகிறார்கள்."

இதில் நல்ல படம் என்றோ கெட்ட படம் என்றோ ஒரு சொல் இல்லை. ஆனால் எழுதி முடித்ததும் எனக்கே ஒன்று புலப்பட்டது. வேறு சாதிப் பையனை நினைத்தாள் என்பதற்காகப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி மீனாவைப் பேயோட்டக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பேசுகிற உரிமையெல்லாம் வைத்திருக்கிறவனுக்குக் குரல் இல்லை, பேச்சே கூடாது என்று வைக்கப்பட்டவளின் மௌனம் எல்லோரையும் ஆட்டிவைக்கிறது. பாண்டியாக வரும் சூரியும் மீனாவாக வரும் அன்னா பென்னும் இந்த இரண்டு முனைகளில் நின்று படத்தை இழுத்துப் பிடிக்கிறார்கள். இது என் கருத்து. இதற்கு ஆதாரம் சுண்ணாம்பு.

அதே படத்தில் வழியை மறித்துக்கொண்டு ஒரு காளை நிற்கும். வீராப்பாகக் கிளம்பி வந்த ஆண்கள் பக்கத்தில் போகத் தயங்குவார்கள். ஒரு சின்னப் பெண் வந்து அதைத் தன் பாட்டுக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவாள். படத்தைப் பற்றி வேறு எதுவுமே எழுதாமல் இந்தக் காட்சியை மட்டும் எழுதினாலும் படிக்கிறவருக்குப் படத்தின் குணம் பிடிபட்டுவிடும். எந்தப் படத்திலும் இப்படி ஒரு காட்சி இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் எழுதுகிறவரின் வேலையில் பாதி.

பிடிக்காததையும் இதேபோல இடம் சுட்டி எழுதுங்கள். கட்டிப்போட்ட சேவலும் மீனாவும் ஒன்றுதான் என்பது சீக்கிரமே புரிந்துவிடுகிறது. அப்புறமும் கேமரா சேவலிடம் திரும்பத் திரும்பப் போனது எனக்கு அதிகமாகப் பட்டது. "குறியீடு ஓவர்" என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தப் படத்தை நேசிக்கிறவர் என்னோடு சண்டைதான் போடுவார். சேவலைச் சொன்னால் "இல்லை, அந்த இடம் எனக்கு ஏன் பிடித்தது தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். அந்தப் பேச்சுக்காகத்தானே இவ்வளவும்.

"லேக்" என்ற சொல்லுக்கும் இதே வைத்தியம். லேக் என்று எழுதக் கை போனால், எந்தக் காட்சியில் மணி பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். 'மெய்யழகன்' 2024 செப்டம்பர் கடைசியில் வந்தது, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். நீளம் என்ற பேச்சு கிளம்பியதும் சில நாளிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். ஆக, முதல் நாள் பார்த்தவரும் அடுத்த வாரம் பார்த்தவரும் ஒரே படத்தைப் பார்க்கவில்லை. இப்படி நடந்த படங்களுக்கு எந்த வடிவத்தைப் பார்த்தீர்கள் என்று ஒரு வரி கட்டாயம் போடுங்கள்.

எனக்கு அதில் அந்த நீளம் வேண்டியிருந்தது. சொந்த வீடு கைவிட்டுப் போய், தஞ்சாவூரை விட்டுக் கிளம்பிய ஒருவர் இருபது வருஷத்துக்கு மேல் கழித்து ஒரு கல்யாணத்துக்காகத் திரும்பி வருகிறார். உயிரை விடுகிற மாதிரி அன்பு காட்டுகிற சொந்தக்காரனின் பெயர் அவருக்கு ஞாபகம் இல்லை. கேட்கவும் முடியவில்லை. அந்தக் கூச்சம் கரைவதற்கு ஒரு முழு ராத்திரி ஆகும்தானே? அர்விந்த் சாமி முகத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதைப் பார்க்க நேரம் கொடுத்ததுதான் படத்தின் அழகு. தங்கச்சி மேடையிலேயே பரிசைப் பிரித்து நகையைப் போட்டுக்கொள்கிற இடத்தில் என் பக்கத்து சீட் தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் அந்தச் சொந்தக்காரனாக வரும் கார்த்தியின் பேச்சு சில இடங்களில் பாடம் நடத்துவதாக மாறும்போது எனக்கும் கவனம் சிதறியது. இரண்டையும் எழுதினேன்.

இனி, யாருக்காக எழுதுவது. இதுதான் இந்த வேலையில் மிக முக்கியம். "ரசிகர்களுக்கு", "பார்வையாளர்களுக்கு" என்று எழுத உட்கார்ந்தால் மொழி விறைத்துக்கொள்ளும். உங்களுக்குத் தெரிந்த ஓர் ஆளை மனதில் வைத்து, அவர் "பார்க்கலாமா?" என்று கேட்டதாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

என் அம்மாவுக்குப் படத்தில் குழந்தைகள் கஷ்டப்பட்டால் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. 'வாழை'யைப் பற்றி அம்மாவுக்கு நான் அனுப்பியது: "அம்மா, முக்கால்வாசிப் படம் சிரிச்சுக்கிட்டே பாக்கலாம். ஒருத்தன் ரஜினி, ஒருத்தன் கமல்னு சண்டை போடுற ரெண்டு பசங்க, அவங்களுக்குப் பிடிச்ச டீச்சர். லீவு நாள்ல வாழைத்தார் சுமக்கப் போகணுமேன்னு அந்தப் பையன் படுற பாடு நம்ம ஊர்ல பாத்ததுதான். ஆனா கடைசிப் பகுதி மனசு தாங்காது. தனியா பாக்காத, நான் வந்தப்புறம் சேந்து பாக்கலாம்."

கோயம்புத்தூர் அக்காவுக்கு 'பறந்து போ' பற்றி: "அக்கா, தம்பிப் பயலோட உக்காந்து பாரு. வேலைக்குப் போறதுக்காகப் பையனை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டுப் போற அப்பா அம்மா. அப்புறம் அப்பனும் மகனும் பைக்ல கிளம்பிடுறாங்க. சிவா நடிப்பு உனக்குப் பிடிக்கும். டைரக்டர் ராம் படம்னு பயப்படாத, இதுல சிரிப்பு நிறைய. பாட்டு அடிக்கடி வரும், மாமாவுக்கு அது ஆகாது."

இரண்டுமே விமர்சனம்தான். எச்சரிக்கை, சிபாரிசு, படத்தின் சாரம் எல்லாம் உள்ளே இருக்கிறது. ஆளை மாற்றிப் பாருங்கள், அதே படத்துக்கு வேறு பத்து வரி வரும்.

கதையைச் சொல்லிவிடாமல் எழுதுவது பற்றி. திருப்பம் என்ன என்று சொல்லாமல் இருந்தால் போதாது. "கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருக்கு" என்பதே பாதிக் கதையைச் சொன்ன மாதிரி. கேட்டவர் அதற்காகவே காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். படத்தின் முதல் இருபது நிமிடத்துக்குள் வருவதை மட்டும் எழுதுங்கள். 'மகாராஜா'வுக்கு நான் எழுதியது: "ஒரு சலூன்காரர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, லட்சுமியைக் காணோம், கண்டுபிடிச்சுக் கொடுங்கன்னு சொல்றார். லட்சுமி என்பது குப்பைத்தொட்டி. விஜய் சேதுபதி உட்கார்ந்திருக்கும் விதத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள்." இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் இயக்குநர் நித்திலன் சாமிநாதன் அடுக்கி வைத்ததை நாம் கலைத்துவிடுவோம்.

உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிற பாசத்தை மறைக்காதீர்கள். நான் விஜயகாந்த் படம் பார்த்து வளர்ந்தவள். அவர் 2023 டிசம்பரில் இறந்துபோனார். அடுத்த வருஷமே 'லப்பர் பந்து'வில் கெத்து தினேஷ் மட்டையோடு இறங்கும்போது 'பொன்மனச் செல்வன்' பாட்டு ஒலிக்கிறது. தியேட்டரே எழுந்து நின்றது. எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது இதை முதல் வரியிலேயே வைத்துவிட்டேன். படிக்கிறவர் என் புகழ்ச்சியில் எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டுமோ கழித்துக்கொள்ளட்டும். அதையெல்லாம் கழித்தாலும், மாமனார் மருமகன் வீம்பை வைத்துக்கொண்டே ஊர் கிரிக்கெட் டீமில் யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்ற சாதிக் கணக்கை இவ்வளவு லேசான கையோடு இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து சொன்னது பெரிய விஷயம்.

'டூரிஸ்ட் ஃபேமிலி'க்கு வேறு மாதிரிச் சிக்கல். இலங்கையிலிருந்து ராமேஸ்வரம் வந்து சேர்கிற ஒரு குடும்பம் சென்னைக் காலனி ஒன்றில் குடியேறுகிறது. நாளாக ஆக அந்தக் காலனியில் கிட்டத்தட்ட எல்லோருமே நல்லவர்களாகிவிடுகிறார்கள். இப்படி நடக்குமா என்று மூளை கேட்கிறது. ஆனால் ஒரு வயதான அம்மா இறந்த வீட்டில், அதுவரை முகம் பார்க்காமல் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கூடுகிற காட்சியில் மூளை பேசாமல் இருந்துவிடுகிறது. இதில் எதை எழுதுவது என்று தவிக்க வேண்டாம், இரண்டையும் எழுதுங்கள். அவர்கள் பேசுகிற இலங்கைத் தமிழ் சரியா என்பதை மட்டும், அந்தப் பேச்சு வீட்டில் புழங்காதவர்கள் தீர்ப்பாக எழுத வேண்டாம். யாழ்ப்பாணத்துக்காரர் யாராவது தெரிந்தால் கேட்டு, அவர் சொன்னார் என்றே எழுதுங்கள்.

இரண்டு படங்களை ஒப்பிடுவதாக இருந்தால், ஒப்பிட ஒரு காரணம் வேண்டும். 'வாழை'யும் 'கொட்டுக்காளி'யும் 2024 ஆகஸ்ட் 23 அன்று ஒன்றாக வந்தவை. எது பெரியது என்று அப்போது பெரிய வாக்குவாதம். எனக்கு அதைவிட ருசியானது வேறு: ஒன்று சந்தோஷ் நாராயணன் இசையைக் கையில் பிடித்துக்கொண்டு நம்மை அழவைக்கிறது, மற்றது இசையே இல்லாமல் நம்மை நெளிய வைக்கிறது. அழுதவர் வெளியே வரும்போது மனசு லேசாக இருக்கும், நெளிந்தவருக்கு அப்படி இல்லை. இப்படி ஒரே ஒரு அம்சத்தை வைத்து ஒப்பிட்டால் இரண்டு படமும் தெளிவாகத் தெரியும்.

ஒளிப்பதிவு அருமை, எடிட்டிங் கச்சிதம் போன்றவை வேண்டாம். வெளிச்சம் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

மதிப்பெண் கொடுக்க ஆசையா? கொடுங்கள். ஆனால் கை இறுக்கமாக இருக்கட்டும். 1977-ல் '16 வயதினிலே'வுக்கு ஆனந்த விகடன் கொடுத்தது நூற்றுக்கு 62.5. இன்றைக்கும் அந்த எண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்றால், நாற்பது வாங்குவதே அங்கே கௌரவமாக இருந்ததால்தான். பார்க்கிற படத்துக்கெல்லாம் ஐந்துக்கு நாலு போட்டால், நிஜமாகவே நாலுக்குரிய படம் வரும்போது உங்களிடம் எண் இருக்காது.

எங்கே, எப்படிப் பார்த்தீர்கள் என்பதையும் கீழே குறியுங்கள். தியேட்டரா, வீட்டு டிவியா, பஸ்ஸில் போனிலா. ஒரே மூச்சில் பார்த்ததா, இரண்டு ராத்திரியாகப் பார்த்ததா. 'கொட்டுக்காளி'யைப் போனில் பார்த்துவிட்டு "ஒண்ணுமே நடக்கல" என்பவரோடு வாதாட முடியாது; அவருக்கு அந்தச் சத்தங்கள் எதுவும் போய்ச் சேர்ந்திருக்காது.

மறுபடி பார்த்தால் கருத்து மாறும், மாறட்டும். பழைய பத்து வரியை அடிக்காமல், அதன் கீழே தேதி போட்டுப் புதிதாக எழுதுங்கள். பாதியில் நிறுத்திய படத்துக்குக் கருத்து எழுத வேண்டாம். எந்தக் காட்சியில் நிறுத்தினீர்கள், அப்போது மணி என்ன, இவ்வளவு குறித்துவைத்தால் போதும். மிச்சத்தைப் பார்க்கத் தோன்றினால் அங்கிருந்து தொடரலாம்.