லினக்ஸில் விடுபட்ட பொதிகளை நிறுவுவது எப்படி?

உபுண்டு 22.04-இல் ஓர் ஆப்இமேஜ் கோப்பை (நிறுவாமலேயே இயக்கக்கூடிய செயலி) திறந்தபோது 'லிப்ஃபியூஸ்.எஸ்ஓ.2' இல்லை என்று பிழைச்செய்தி வந்தது. பெயரில் ஃபியூஸ் இருக்கிறதே என்று 'ஃபியூஸ்' பொதியையே (பொதி என்பது நிறுவுவதற்கான மென்பொருள் தொகுப்பு) நிறுவினேன். அதனோடு ஒத்துப்போகாத 'ஃபியூஸ்3' நீங்கியது. அதைச் சார்ந்திருந்த மேசைத்தளப் பொதிகள் பலவும் கூடவே நீங்கிவிட்டன. அன்று எனக்குத் தேவைப்பட்டது 'லிப்ஃபியூஸ்2' மட்டுமே.

கட்டளைகளை ஒலிப்பின்படி தந்திருக்கிறேன். முனையத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிடுங்கள்.

முதலில் 'சூடோ ஆப்ட் அப்டேட்'. பொதிகளைச் சேமித்து வைத்திருக்கும் இணையக் களஞ்சியங்களிலுள்ள பொதிப் பட்டியல் புதுப்பிக்கப்படும். பொதியைக் கண்டறிய முடியவில்லை என்ற செய்தி பலமுறை இதனாலேயே தீரும். தீராவிட்டால், தன்னார்வலர் சமூகம் பராமரிக்கும் 'யூனிவர்ஸ்' களஞ்சியம் இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள்.

அடுத்து, பொதியின் பெயரை ஊகிக்காதீர்கள். பிழைச்செய்தி சொல்வது கோப்பின் பெயர். நிறுவ வேண்டியது பொதி. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இதற்கு 'ஆப்ட்-ஃபைல்' போல உதவும் கருவி வேறில்லை என்பேன். அதை நிறுவி, 'சூடோ ஆப்ட்-ஃபைல் அப்டேட்' கொடுத்துவிட்டு, 'ஆப்ட்-ஃபைல் சர்ச்' என்பதோடு கோப்பின் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள். எந்தப் பொதியில் அந்தக் கோப்பு இருக்கிறது என்று வரிவரியாகக் காட்டும்.

இப்போது நிறுவலாம். ஆனால் முதலில் 'ஆப்ட் இன்ஸ்டால் -எஸ்' என்பதோடு பொதியின் பெயரைச் சேர்த்து ஒத்திகை பாருங்கள். எதுவும் மாறாது, என்னென்ன சேரும், என்னென்ன நீங்கும் என்று மட்டும் தெரியும். நீக்கப்படும் பொதிகளின் பட்டியலை ஒரு வரி விடாமல் படியுங்கள். நீங்கள் கேட்காத பொதி ஒன்று அதில் இருந்தாலும் நிறுத்துங்கள். இல்லையென்றால் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்பதோடு பொதியின் பெயரைச் சேர்த்து நிறுவுங்கள். அந்தப் பட்டியல் அன்றும் என் திரையில் இருந்தது. படிக்காமல் 'ஒய்' அழுத்திவிட்டேன்.

பதிவிறக்கிய டெப் கோப்பு (உபுண்டுவின் பொதிக் கோப்பு) என்றால் 'டிபிகேஜி -ஐ' வேண்டாம். அது சார்புப் பொதிகளை, அதாவது அந்தப் பொதி இயங்கத் தேவையான பிற பொதிகளை, தானாகக் கொண்டுவராது. 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்பதற்குப் பின் புள்ளி, சாய்கோடு, கோப்பின் பெயர் என்று இடைவெளியின்றிக் கொடுத்தால் சார்புகளும் சேர்ந்து வரும்.

பிற்சேர்க்கை: உபுண்டு 24.04-இல் 'லிப்ஃபியூஸ்2' பொதியின் பெயர் 'லிப்ஃபியூஸ்2டி64' (இதிலுள்ள 'டி', 'டைம்' என்பதன் முதலெழுத்து) என்று மாறியிருப்பதை வாசகர் ஒருவர் கவனித்துச் சொன்னார். 32 பிட்டில் குறிக்கும் நேரம் 2038-இல் நிரம்பிவிடும் சிக்கலைத் தவிர்க்க, 32 பிட் கணினிகளிலும் நேரத்தை 64 பிட்டில் குறிக்கும் மாற்றத்தின் தடம் அது. ஃபெடோரா லினக்ஸில் இதே தேடலுக்கு 'டிஎன்எஃப் புரொவைட்ஸ்'. ஆர்ச் லினக்ஸில் 'பேக்மேன் -எஃப்' (இதில் 'எஃப்' மட்டும் பெரிய எழுத்து).